ஷெஃபீல்டிலிருந்து ஸ்டானேஜ் எட்ஜ்: பாறை விளிம்பில் நடக்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக்கு மேற்கே, பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள், டெர்வென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிழக்குக் கரை முழுவதும் பாறை விளிம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வடக்கே டெர்வென்ட் எட்ஜில் தொடங்கி பாம்ஃபோர்ட், ஸ்டானேஜ், பர்பேஜ், ஃப்ராகட், கர்பர், பாஸ்லோ என்று தெற்கே போகிறது இந்த வரிசை. இவற்றில் பெரியது ஸ்டானேஜ். நீளம் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஹெதர் புதர் மண்டிய சமவெளி, மறுபக்கம் வெட்டிவிட்ட மாதிரி பள்ளம், நடுவில் நீங்கள் நடக்கும் பாதை. ஷெஃபீல்ட் நிலையத்தில் ரயிலேறினால் சுமார் 20 நிமிடத்தில் அடிவாரத்து ஊரில் இறங்கிவிடலாம். பெருநகரம் ஒன்றுக்கு இவ்வளவு அருகில் இப்படிப்பட்ட நடை கிடைப்பது பெரிய கொடுப்பினை.

மேலே ஏறிவிட்டால் பாதை சமதளம்தான், பெரிய சிரமம் இல்லை. அதனாலேயே பலர் வேகமாக நடந்து முடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். என் கருத்தில் அது இந்த இடத்தை வீணாக்குவது. விளிம்பில் நின்று பார்க்க ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும்படியும், அந்த நேரத்தில் ஒன்றும் ஆகாதபடியும் திட்டமிடத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் பாறையைப் பற்றி

இது கிரிட்ஸ்டோன் என்ற கரடுமுரடான மணற்கல். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, வடக்கே இருந்த மலைகளிலிருந்து பெரிய ஆறுகள் அடித்துவந்த மணல், கழிமுகத்தில் படிந்து இறுகியது. அதற்குக் கீழே இருப்பது ஷேல் என்ற மெல்லிய அடுக்குக் கல். அது எளிதில் அரித்துப்போகும். அடியிலிருப்பது அரித்துப்போகப் போக மேலே இருக்கும் கடினமான கல் உடைந்து செங்குத்தாக நிற்கிறது. விளிம்பு உருவானது இப்படித்தான்.

பாறையில் கையை வைத்துப் பாருங்கள். பட்டாணி அளவு வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் அங்கங்கே பதிந்திருக்கும், மற்ற இடமெல்லாம் உப்புத்தாள்போல் சொரசொரப்பு. காய்ந்திருக்கும்போது செருப்புக்கூட ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிடிப்பு உண்டு. ஆனால் மழைக்குப் பிறகு, நிழலான இடங்களில் படிந்திருக்கும் பச்சைப் பாசி வழுக்கும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். காற்றும் மழையும் தேய்த்துத் தேய்த்து இந்தக் கல்லின் முனைகள் உருண்டு போயிருக்கின்றன. சுவர் முடிகிற மாதிரி 'இதோடு சரி' என்று தெளிவான கோடு எல்லா இடத்திலும் இருக்காது. மெல்லச் சரிந்து, இன்னும் கொஞ்சம் சரிந்து, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் போகும். கீழே பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் பள்ளம், சில இடங்களில் அதைவிடக் கூடுதல். சரிவு தொடங்கும் இடத்தையே விளிம்பு என்று வைத்துக்கொண்டு அதற்கு இந்தப் பக்கம் நின்றுவிடுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

மழையைவிடக் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆஃபிஸ், பீக் டிஸ்ட்ரிக்டுக்கென்று தனியாக மலை வானிலை அறிவிப்பு தருகிறது. நகர அறிவிப்பை நம்பாமல் அதைப் பாருங்கள். பள்ளத்தாக்கில் தடையில்லாமல் வரும் காற்று பாறைச் சுவரில் மோதி மேலெழுந்து விளிம்பைத் தாண்டும்போது வேகம் கூடும். ஊருக்குள் மரக்கிளை லேசாக ஆடும் நாளில்கூட மேலே தொப்பி பறக்கலாம்.

காற்றின் திசையும் முக்கியம். ஸ்டானேஜ் தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. இங்கே அதிகம் வீசும் தென்மேற்குக் காற்று உங்கள் முகத்தில் அடித்து உங்களை உள்பக்கமாகத் தள்ளும். தொல்லைதான், ஆனாலும் தள்ளுவது பாதுகாப்பான பக்கம். கிழக்கு, வடகிழக்குக் காற்று முதுகில் அடித்துப் பள்ளத்தை நோக்கித் தள்ளும். அந்தத் திசையில் பலமாக வீசும் நாளில் பாறை முனைகளுக்குப் போகாமல் உள்பாதையிலேயே நடங்கள். இடி மின்னல் அறிவிப்பு இருந்தால் போகவே வேண்டாம். மேலே உங்களைவிட உயரமாக எதுவும் இருக்காது.

வெப்பநிலை 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். நகர மையத்துக்கும் விளிம்புக்கும் உயர வித்தியாசம் 350 மீட்டருக்கு மேல் என்பதால், இரண்டு மூன்று டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அதை இன்னும் கூட்டும்.

பருவங்களில் என் முதல் தேர்வு ஆகஸ்ட். ஹெதர் பூத்து, பாதையின் இடப்பக்கம் முழுக்க ஊதா நிறமாகிவிடும். இரண்டாவது, அக்டோபர், நவம்பரின் அமைதியான காலைகள். முந்தைய இரவு தெளிவாகவும் காற்றில்லாமலும் இருந்தால், குளிர்ந்த காற்று கீழே மேற்காக நீளும் ஹோப் பள்ளத்தாக்கில் தங்கி மேகம்போல் நிரம்பி நிற்கும். மேலே வெயில், கீழே வெண்மை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் வின் ஹில் குன்றின் உச்சி. அதைப் பார்க்க முதல் ரயிலில் போனாலும் தகும்.

நேரக் கணக்கு

இந்த வழிகாட்டி சொல்லும் முழு வழி ஹாத்தர்சேஜ் நிலையத்தில் தொடங்கி கிரிண்டில்ஃபோர்ட் நிலையத்தில் முடிகிறது. சுமார் 14 கிலோமீட்டர். ஏற்றம் எல்லாம் சேர்த்து 400 மீட்டருக்குள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் இங்கே மூன்றரை மணி நேரம் வரும். அது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. சாப்பாடு, படம் எடுப்பது, நான் சொன்ன அந்த ஒரு மணி நேரம் எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம் வையுங்கள்.

டிசம்பரில் இங்கே மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த மாதத்தில் காலை 9 மணிக்கே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் அவசரமில்லை. விளிம்பு மேற்கைப் பார்ப்பதால் சூரிய அஸ்தமனத்துக்காகவே வருபவர்களும் உண்டு. அதற்காக வந்தால், இறங்குவது இருட்டில்தான் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

பையில் வைக்க வேண்டியவை

கோடையிலும் காற்று புகாத, மழை தாங்கும் மேலாடை. ஒரு கூடுதல் கம்பளிச் சட்டை, தொப்பி, கையுறை. நல்ல பிடிப்புள்ள காலணி. தண்ணீரும் சாப்பாடும் அடிவாரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள், விளிம்பில் கடை கிடையாது. நெற்றியில் கட்டும் டார்ச், விசில், பவர் பேங்க். பிரிட்டன் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் ஸ்டானேஜ் இருப்பது ஓஎல்1 தாளில், ஃப்ராகட்டும் கர்பரும் ஓஎல்24 தாளில். தொலைபேசியில் வரைபடம் வைத்திருந்தால் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

கால்சட்டை முழு நீளமாக இருக்கட்டும். கோடையில் பிராக்கன் பெரணிப் புதர்களில் உண்ணி உண்டு, அது லைம் நோயைப் பரப்பக்கூடியது. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

படி 1: ஹாத்தர்சேஜிலிருந்து மேலே

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ஹோப் வேலி பாதையில், சிறு நிலையங்களில் நிற்கும் ரயிலில் ஏறுங்கள். விரைவு ரயில்கள் இங்கே நிற்காது. ஊரைத் தாண்டியதும் 5.7 கிலோமீட்டர் நீளமுள்ள டாட்லி சுரங்கத்துக்குள் ரயில் புகும். மேலே இருக்கும் மேட்டு நிலத்தைக் குடைந்துகொண்டு மறுபுறம் கிரிண்டில்ஃபோர்ட்டில் வெளிவரும். அங்கே இறங்காதீர்கள், திரும்பும்போது அங்கேதான் ஏறப்போகிறீர்கள். அடுத்தது ஹாத்தர்சேஜ்.

நிலையத்திலிருந்து ஊரின் பிரதான சாலைக்கு வந்து பால்க் லேன் என்ற சந்துப் பாதையைப் பிடியுங்கள். கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி, புல்வெளிகள் வழியே, பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடமான நார்த் லீஸ் ஹால் வரை அது சாவகாசமாக ஏறும். மந்தை மேயும் இடம் என்பதால் திறக்கும் கேட்டையெல்லாம் மூடிவிட்டுப் போங்கள். ஹாலைத் தாண்டி மரங்களுக்கிடையே ஏறினால் ஹாலின் பேங்க் வாகன நிறுத்தம் வரும். சாலையைக் கடந்து நேரே மேலே பாருங்கள், விளிம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கல் பதித்த பாதை ஒரு சிறு மரத்தோப்பு வழியாக மேலே கொண்டுபோய் விடும். கடைசிப் பகுதி மூச்சு வாங்கும். அவசரம் வேண்டாம், இங்கே களைத்துப்போனால் மேலே கால் தடுமாறும்.

படி 2: விளிம்பில்

மேலே வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் நேரமிருந்தால் முதலில் இடப்பக்கம், வடமேற்காக, 458 மீட்டர் உயரமுள்ள ஹை நெப் வரை போய்த் திரும்புங்கள். அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. பாறை அடியில், உருவாக்கி முடித்தும் யாரும் எடுத்துப் போகாத ஆலைக்கற்கள் புல்லுக்குள் கிடக்கின்றன. மாவரைக்க இந்தக் கல்லை வெட்டியெடுப்பது இங்கே பெரிய தொழிலாக இருந்தது. கிரிட்ஸ்டோனில் அரைத்த மாவு சாம்பல் நிறமாகும் என்பதால், வெள்ளை ரொட்டி பரவலானதும் தொழில் படுத்துவிட்டது. தேசியப் பூங்காவின் சின்னம் இன்றும் ஓர் ஆலைக்கல்தான்.

மேலே பாறைத் தளத்தில் இன்னொன்றைத் தேடுங்கள். எண் பொறித்த சிறு குழிகள், அதற்கு மழைநீர் வழிந்து வர வெட்டிய வாய்க்கால்கள். கிரவுஸ் பறவைகள் தண்ணீர் குடிக்க, வேட்டை நிலத்தைப் பராமரித்தவர்கள் செதுக்கியவை. குழியை நிரப்பும் வாய்க்கால் சில இடங்களில் விரல் அகலம்தான். குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது தென்கிழக்காக நடங்கள். பள்ளம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடக்கைப் பக்கம் பள்ளம் தெரிந்தால் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். மூடுபனியில் இதைவிடச் சுலபமான அடையாளம் கிடையாது.

நடப்பதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பாதையைப் பாருங்கள், பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமென்றால் நின்றுவிடுங்கள். இங்கே பாதை ஒன்றல்ல, இரண்டு மூன்றாகப் பிரிந்து சேரும். விளிம்பிலிருந்து சில மீட்டர் உள்ளே இருப்பதில் நடங்கள். பாறைகளுக்கிடையே ஒரு காலடி அகலத்தில் ஆழமான பிளவுகள் இருக்கின்றன, புல்லும் ஹெதரும் அவற்றை மறைக்கும். பனி பெய்திருந்தால் இன்னும் மோசம், விளிம்பைத் தாண்டியும் பனி நீட்டிக்கொண்டு நிற்கலாம், அடியில் கல் இருக்காது.

எட்டிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. அதற்கு நல்ல இடம், விளிம்பு உள்வாங்கி வளையும் இடங்கள். அங்கே நின்றால் எதிரே இருக்கும் பாறை முகப்பு பக்கவாட்டில் முழுதாகத் தெரியும். நீங்கள் நிற்க நினைத்த முனை அடியில் குடைந்து வெறும் பலகையாக நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதும் அங்கிருந்துதான் தெரியும். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பாறையும் உறுதியாகவே தோன்றும். முனைக்குப் போவதென்றால் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது பை பாறையில் இடித்து ஆளைத் தள்ளும். உட்கார்ந்து பார்ப்பது நின்று பார்ப்பதைவிட நல்லது. படம் எடுக்கும்போது ஒரே ஒரு விதி: பின்னால் காலெடுத்து வைக்காதீர்கள், எடுப்பவரும் சரி, நிற்பவரும் சரி. குழந்தைகள் கூட வந்தால் பள்ளப் பக்கம் எப்போதும் பெரியவர் நடக்கட்டும்.

பாறை ஏறுபவர்களுக்கு உலகெங்கும் தெரிந்த இடம் இது. பாதைக்குக் குறுக்கே கயிறும், பாறையில் கட்டிய கொக்கிகளும் இருக்கும். மிதிக்காமல் தாண்டுங்கள். கீழே ஆள் தெரியாவிட்டாலும் கல்லைத் தட்டிவிடவோ எறியவோ கூடாது. அடியில் யாரோ ஏறிக்கொண்டிருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பிலிருந்து சிறிது தூரத்தில் ராபின் ஹூட் குகை என்று ஒன்று உண்டு. பாறையில் காற்று குடைந்த அறை, முன்னால் இயற்கையான பால்கனி. மேலிருந்து அதற்கு இறங்கும் வழி பள்ளத்தை ஒட்டிப் போகிறது. கால் கூசினால் விட்டுவிடுங்கள், மேலே நின்றாலும் அதே காட்சிதான்.

சரி, என்னதான் தெரிகிறது? நேர் கீழே ஹாத்தர்சேஜ், மேற்கே நீளும் ஹோப் பள்ளத்தாக்கு, அதற்குள் சிமென்ட் ஆலையின் உயரமான புகைபோக்கி. அதற்குப் பின்னால் 517 மீட்டர் மாம் டோர், வலப்புறம் லோஸ் ஹில், வின் ஹில். தொலைவில் தட்டையாகக் கிடப்பது 636 மீட்டர் கிண்டர் ஸ்கவுட். வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பெயர் கண்டுபிடியுங்கள். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படி 3: ஹிக்கர் டோர் வழியாக இறக்கம்

விளிம்பின் தென்முனையில் 457 மீட்டரில் நில அளவைத் தூண் நிற்கிறது. அதைத் தாண்டிப் பாதை கிழக்காக இறங்கி அப்பர் பர்பேஜ் பாலத்தில் சாலையைத் தொடும். அங்கிருந்து தெற்கே ஹிக்கர் டோர் என்ற பாறைக் குன்று தெரியும், பாதையும் தெளிவு. அதன் மறுபுறம் இறங்கும் சில மீட்டர்கள் கையூன்றி இறங்க வேண்டியவை, ஈரமாக இருந்தால் உட்கார்ந்தே இறங்குங்கள். அடுத்து கார்ல் வார்க், பழங்காலத்தவர் பெரிய கற்களை அடுக்கி மதில் கட்டிய மேடு. மதிலின் கல் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அங்கிருந்து சாலைக்கு இறங்கி, கடந்து, லாங்ஷா எஸ்டேட்டுக்குள் பர்பேஜ் ஓடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பேட்லி கார்ஜ் என்ற ஓக் காட்டுப் பள்ளம் வரும். மொத்த நடையில் அதிகம் பேர் வழுக்கி விழக்கூடிய இடம் இதுதான் என்பேன். வேர், ஈரக்கல், சேறு, அதோடு உங்கள் களைத்த கால்கள். மெல்ல இறங்குங்கள். காடு முடியும் இடத்திலேயே கிரிண்டில்ஃபோர்ட் நிலையம். ரயில் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்து வையுங்கள்.

வழி தவறினால், அடிபட்டால்

மூடுபனியில் விளிம்பைவிட்டு கிழக்கே விலகினால் பீட் என்ற, மட்கிய தாவரங்கள் சேர்ந்த மண்ணாலான சதுப்பில் கால் புதையும். விளிம்பை ஒட்டிய பாதையை விடாமல், பள்ளத்தை ஒரே கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் தொலைந்துபோக மாட்டீர்கள். பாறைகளுக்கிடையே குறுக்குவழியில் இறங்கப் பார்க்காதீர்கள். தெரிந்த இறக்கம் வரும்வரை மேலேயே இருங்கள்.

உதவி தேவைப்பட்டால் 999 அல்லது 112. முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்ல வேண்டும். இடத்தை, வரைபடக் கட்டங்களை வைத்துக் குறிக்கும் கிரிட் எண்ணாகச் சொல்லுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் குறைவாக இருந்தால் குறுஞ்செய்தி போகலாம், ஆனால் அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ரெஜிஸ்டர்' என்று 999க்கு அனுப்பி இன்றே பதிந்துவிடுங்கள். தொலைபேசியே இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

இந்த நிலம் திறந்திருப்பது எப்படி

நூறாண்டுக்கு முன்பு இந்த மேட்டு நிலங்களில் பெரும்பகுதி தனியார் வேட்டைக்காடு. நடக்கப் போனால் காவலாள் துரத்துவான். 1932 ஏப்ரல் 24 அன்று ஏறக்குறைய 400 பேர் கிண்டர் ஸ்கவுட்டில் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஷெஃபீல்டில் எதெல் ஹேதார்ன்த்வெயிட் என்ற பெண்மணி முன்னின்று, விற்பனைக்கு வந்த லாங்ஷா நிலத்தை மக்களிடம் நிதி திரட்டி மீட்டார். 1931இல் அது நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை வசம் வந்தது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமையைக் கொடுத்தது.

அந்த உரிமையோடு வரும் விதிகளைத் தயவுசெய்து மதியுங்கள். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்திருக்க வேண்டும், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. ரிங் ஊசல் என்ற பறவை பாறை இடுக்கில் கூடு வைக்கும் மாதங்களில் சில பகுதிகளில் அறிவிப்புப் பலகை இருக்கும், அங்கே விலகிப் போங்கள். தீ மூட்டுவது, பார்பிக்யூ எதுவும் கூடாது. பீட் மண்ணில் பற்றிய நெருப்பு தரைக்கு அடியிலேயே நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

குழந்தைகளோடு அல்லது முதல்முறையாகப் போனால்

14 கிலோமீட்டர் அதிகம் என்று தோன்றினால் ஸ்டானேஜுக்குப் பதில் கர்பர் கேப் வாகன நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள். ஏற்றமே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் விளிம்புக்கு வந்துவிடலாம். வடக்கே கர்பர் எட்ஜ், ஃப்ராகட் எட்ஜ் என்று அகலமான பாதை, எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். தெற்கே பாஸ்லோ எட்ஜ், அதில் ஈகிள் ஸ்டோன் என்ற தனிப்பாறை, 1866இல் வைத்த வெலிங்டன் நினைவுச் சிலுவை. அந்தப் பக்கம் நீண்ட கொம்புள்ள ஹைலாண்ட் மாடுகள் மேயும். சாதுவானவைதான், ஆனால் கன்று கூட இருந்தால் நன்றாகச் சுற்றிப் போங்கள், படத்துக்காக நெருங்க வேண்டாம். வார இறுதியில் வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். சாலையோரம் விட்டால் மீட்பு வண்டிக்கு வழி அடைபடும், அதனால் இடமில்லையென்றால் வேறு விளிம்புக்குப் போங்கள். காரில்லாமல் வந்தவர்கள் நினைவுச் சிலுவையிலிருந்து பாஸ்லோ ஊருக்கு இறங்கி ஷெஃபீல்ட் பேருந்தைப் பிடிக்கலாம். ஞாயிறு நேரங்கள் வேறு என்பதால் கிளம்பும் முன்பே அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.